அரிசி விலையும் அரசின் கணக்கும்

சீனியின் விலை ஏறினால் நாம் கடைக்காரரோடு வாதாடுகின்றோம். பாணின் விலை ஏறினால் வெதுப்பகக்காரரை வைகின்றோம். பஸ் கட்டணம் ஏறினால் நடத்துநரின் மேல் எரிந்து விழுகின்றோம். வைப்புப் பணத்துக்கு வட்டி குறைந்தால் வங்கி முகாமையாளர் மீது ஐயுறுகின்றோம். இவர்களுட் சிலர் குற்றமுடையோராகவும் இருக்கலாம். பதுக்கலும் கொள்ளை இலாபமும் இந்நாட்டிற்குப் புதியனவல்ல. ஆயினும், மன்னாரிலிருந்து மாத்தறை வரையுள்ள கடைக்காரர் அனைவரும் ஒரே மாதத்தில் ஒருங்கே பேராசைக்காரராகி விட்டனர் என்று எண்ணுவது அறிவுக்குப் பொருந்துமா? எல்லாக் கடைகளிலும் ஒரே வேளையில் விலை ஏறுமாயின், அதன் காரணம் எந்த ஒரு கடையிலும் இருத்தல் இயலாது. அது கடைகளுக்கெல்லாம் அப்பால், நாட்டின் பெருங் கணக்கிலே இருக்கின்றது.

அந்தப் பெருங் கணக்கைக் கற்பிக்கும் துறைக்குப் பேரினப் பொருளியல் என்று பெயர். ஒரு வீட்டின் வரவு செலவையும், ஒரு கடையின் கொள்முதல் விற்பனையையும் ஆராய்வது சிற்றினப் பொருளியல். நாடு முழுவதிலும் விளைந்தது எவ்வளவு, மொத்த விலைமட்டம் எத்திசையிற் செல்கின்றது, எத்தனை பேருக்கு வேலை உண்டு, புழங்கும் பணம் எவ்வளவு, பிறநாட்டாருக்கு நாம் இறுக்க வேண்டியது எவ்வளவு என்பவற்றை ஆராய்வது பேரினப் பொருளியல். க.பொ.த. உயர்தர வகுப்பிலே பொருளியலை ஒரு பாடமாக எடுக்கும் மாணவர் இதனைப் படிக்கின்றனர்; பரீட்சை எழுதுகின்றனர்; பெறுபேறு வந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். அவர்தம் தாய் தந்தையரோ, அப்பாடத்தின் விளைவுகளை நாள்தோறும் அடுப்படியிலே அனுபவித்துக்கொண்டும், அதன் பெயரைக் கூட அறியாதிருக்கின்றனர். படித்தவர் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்த வேண்டியவர் படிப்பதில்லை. இந்த இடைவெளிக்கு உரிய விலையை 2022ஆம் ஆண்டிலே நாம் கொடுத்தோம்.

இப்பாடத்தின் தொடக்கப் பகுதியை, அதாவது நான்கைந்து அடிப்படைக் கருத்துக்களையேனும், எழுத வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் கற்றல் வேண்டும் என்பது எமது கட்சி. அவை எவை, அவற்றை வீட்டிலும் வாக்குச் சாவடியிலும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இங்கு எடுத்துரைக்க முயல்வோம்.

ஒருவருக்கு நன்மை, எல்லார்க்கும் தீமை

2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னே இரவு பகலாக நின்ற வரிசைகளை யார் மறப்பர்? ஒருவர் தமது மோட்டார்ச் சைக்கிளின் தாங்கியை நிரப்பி, வீட்டிலும் இரண்டு போத்தல் சேர்த்து வைத்தால் அது முன்யோசனை. ஊரார் அனைவரும் அவ்வாறே செய்தால், நான்கு நாட்களுக்குப் போதுமானது நான்கு மணித்தியாலத்திலே தீர்ந்துவிடும், வரிசை நீளும், வரிசையின் நீளத்தைக் கண்டு அஞ்சுவோர் மேலும் சேர்த்து வைப்பர். தனி ஒருவருக்கு அறிவாகத் தோன்றும் செயல், எல்லாரும் செய்யுமிடத்து எல்லாரையும் வருத்தும் செயலாகி விடுகின்றது. பேரினப் பொருளியலின் முதற் பாடம் இதுவே: பகுதிக்கு உண்மையானது முழுமைக்கும் உண்மையாகும் என்று எண்ணிவிடலாகாது.

சிக்கனத்திலும் இவ்வுண்மை உண்டு. ஒரு குடும்பம் செலவைச் சுருக்கினால் அதன் கையில் மிச்சம் உண்டாகும். எல்லாக் குடும்பங்களும் ஒரே காலத்திற் சுருக்கினால் யாது நிகழும்? நம்முடைய செலவே தையற்காரரின் வரவு. தையற்காரரின் செலவே மீன் வியாபாரியின் வரவு. மீன் வியாபாரியின் செலவே மேசனின் கூலி. எல்லாரும் பையை இறுக மூடினால் எல்லாருடைய வரவும் குறையும். சேமிக்க எண்ணியவர் இறுதியிற் சேமித்ததும் குறைவாகவே இருக்கக் கூடும். உலகப் பெருமந்தம் பல நாடுகளை வாட்டிய 1930களில், 1936ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிலே இவ்வுண்மையை விரித்துரைத்தவர் ஜோன் மேனாட் கெயின்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர். மக்கள் செலவழிக்க அஞ்சும் காலத்தில் அரசு செலவழித்தல் வேண்டும் என்ற அவரது முடிபு, உலகின் அரசாங்கங்கள் கணக்குப் பார்க்கும் முறையையே மாற்றியது.

"நாடும் ஒரு வீடே, வரவுக்குள் செலவு செய்வதே அறம்" என்று மேடையிற் பேசுவோர் பலர். கேட்பதற்கு இனிமையான இவ்வுரை பாதி உண்மை. வீட்டுத் தலைவர் செலவைக் குறைப்பதனால் அவருடைய சம்பளம் குறைவதில்லை. அரசு செலவைக் குறைத்தால் மக்களின் வரவு குறைந்து, அதனால் அரசுக்கு வரும் வரியும் குறையும். வீட்டுத் தலைவர் பணம் அச்சிட முடியாது, அரசினால் முடியும். ஆனால், மற்றப் பாதியையும் மறத்தலாகாது. அரசு ரூபாவை அச்சிடலாமேயன்றி டொலரை அச்சிட இயலாது. டொலரிற் கடன் வாங்கிய அரசு, அந்த ஒரு கணக்கிலே, அயல் வீட்டிற் கடன் வாங்கிய குடும்பத் தலைவரை ஒத்ததே. எந்த இடத்தில் நாடு வீட்டை ஒக்கும், எந்த இடத்தில் ஒவ்வாது என்று பிரித்தறியக் கற்றவரை மேடைப் பேச்சு ஏமாற்றுதல் அரிது.

கூலி ஏறிற்றா, இறங்கிற்றா?

இரண்டாவது பாடம், பெயரளவுக்கும் மெய்யளவுக்கும் உள்ள வேறுபாடு. தாளில் அச்சிட்ட எண் பெயரளவு. அந்தத் தாள் வாங்கித் தரும் பண்டம் மெய்யளவு.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை எடுத்துக் கொள்வோம். 2022 செப்டெம்பரில் அது காட்டிய பணவீக்கம், முந்திய ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிட, நூற்றுக்கு 69.8 வீதம். 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதமாகத் தணிந்தது. 2024 செப்டெம்பரிலோ பூச்சியத்துக்குக் கீழே 0.5 வீதமாயிற்று. "பணவீக்கம் ஒழிந்தது" என்ற செய்தியைக் கேட்டவர்கள் சந்தைக்குச் சென்று, "விலை இறங்கவில்லையே, இது பொய்க் கணக்கு" என்று சினந்தனர். கணக்குப் பொய்யன்று, அதனை நாம் வாசித்த முறையே பிழை. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த பண்டக் கூடை, ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டில் 172 ரூபாவாயிற்று. அதற்கடுத்த ஆண்டில் 171 ரூபாவாயிற்று. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம், விலையின் உயரமன்று. மலையேறும் பஸ் வேகத்தைக் குறைத்தமையால் அது அடிவாரத்துக்குத் திரும்பி விட்டதாகாது.

இனி, இத்தராசிலே ஒரு கூலியை நிறுத்துப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021ஆம் ஆண்டில், நெடுங்காலப் போராட்டத்தின் பின், 1000 ரூபாவாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவாயிற்று. நூற்றுக்கு 35 வீத உயர்வு என்று மாலை சூடியவர்களும் உளர். ஆயின், 2021 செப்டெம்பரில் 1000 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களை 2024 செப்டெம்பரில் வாங்குவதற்கு ஏறத்தாழ 1710 ரூபா வேண்டியிருந்தது. ஆகவே, அந்த 1350 ரூபாவின் மெய்ப் பெறுமதி, 2021இன் விலைகளில், 790 ரூபாவுக்கும் சற்றுக் குறைவே. கொழுந்து பறிப்பவரின் கையில் எண் உயர்ந்தது, கூலி இறங்கிற்று. அதன் பின்னர் நிகழ்ந்த உயர்வுகளையும், இனி நிகழப் போகும் உயர்வுகளையும் இதே தராசிலேதான் நிறுத்தல் வேண்டும். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் "எத்தனை ரூபா?" என்று மட்டும் கேட்பவர் தோற்பவர், "எத்தனை கிலோ மா, எத்தனை கிலோ அரிசி?" என்று கேட்பவரே வெல்பவர்.

இவ்விடத்து இன்னொன்றும் கருதற்பாலது. கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகரத்தாரின் செலவை ஒட்டி அமைக்கப்பட்டது. அதிலே உணவுக்குரிய பங்கு கால் பகுதிக்குச் சற்று மேல். தோட்டத்து லயத்திலோ, வன்னிக் குடிசையிலோ, மட்டக்களப்பின் மீனவர் குடும்பத்திலோ உணவு செலவின் அரைவாசியையும் தாண்டிவிடலாம். 2022 செப்டெம்பரில் உணவின் விலை நூற்றுக்கு 94.9 வீதமும், ஏனையவற்றின் விலை 57.6 வீதமும் ஏறியிருந்தன. வருமானத்தில் நூற்றுக்கு 60 பங்கை உணவுக்குச் செலவிடும் குடும்பத்துக்கு அந்த மாதப் பணவீக்கம் 69.8 அன்று, ஏறத்தாழ 80. நாட்டுக்கு ஒரு சுட்டெண் உண்டு. ஆனால், வறியவருக்கும் செல்வருக்கும் அது ஒன்றாகாது.

அச்சிட்ட தாளும் அயல்நாட்டு நாணயமும்

விலை ஏன் ஏறுகின்றது? ஆண்டுக்கு நூறு மூடை நெல் மட்டும் விளையும் ஓர் ஊரையும், அவ்வூரார் கையில் ஓர் இலட்சம் ரூபாவையும் எண்ணிப் பாருங்கள். மூடை ஆயிரம் ரூபாவுக்கு விற்கும். ஒருவர் இரவோடிரவாக மேலும் ஓர் இலட்சத்தை அச்சிட்டு ஊருக்குள் விட்டால், நெல் ஒரு மணியேனும் கூடாது. மூடையின் விலையே இரண்டாயிரமாகும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. விளைவுக்குத் தக்க பணம் என்பது பொருளியல்.

ஆயினும், விலையேற்றம் அனைத்தும் அச்சகத்திலே பிறப்பதன்று. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மின்கலமும் கொழும்பு விலையின் பன்மடங்குக்கு விற்றன. போத்தலுக்குள் திரி விட்டுப் படித்த தலைமுறை அதனை அறியும். அங்கே பணம் பெருகவில்லை. பண்டம் வரும் வழி அடைபட்டது. முன்னையது பணத்தின் மிகுதியால் வந்த நோய். பின்னையது பண்டத்தின் குறைவால் வந்த நோய். மருந்து வேறு வேறு. பண்டம் இல்லாத ஊரில் வட்டியை உயர்த்தி விலையைத் தணிக்க முயல்வது, பசித்தவனுக்குப் பேதி மருந்து கொடுப்பதை ஒக்கும்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் இவ்விரு நோயும் ஒருங்கே வந்தன. அரசின் பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணத்தைப் பெருக்கியது. 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, விளைச்சல் விழுந்தது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோது காலம் பிந்தி விட்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேயின் யுத்தம் மூண்டு எண்ணெய் விலை ஏறியது. இவற்றோடு ரூபாவும் சரிந்தது. அதுவரை டொலர் ஒன்றுக்கு 200 ரூபாவைச் சுற்றிக் கட்டி வைக்கப்பட்டிருந்த வீதம் மார்ச்சிலே அவிழ்க்கப்பட்டு, மே மாதத்திலே 360 ரூபாவளவுக்குச் சென்றது. 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு கரைந்து, எரிபொருட் கப்பலுக்குக் கொடுக்கப் பணமின்றிக் கப்பல் துறைமுகத்தின் புறத்தே காத்து நின்றது. 2022 ஏப்ரில் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாது என்று அரசு அறிவித்தது.

இந்த டொலர்க் கணக்கு நமது வீட்டு வாசலில் எவ்வாறு நின்றது என்பதையும் நோக்குவோம். வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டொலர். 2021இல் 550 கோடி. 2022இல் 380 கோடி. உழைப்பவர் உழையாது விட்டனரோ? இல்லை. வங்கி டொலருக்கு 200 ரூபா கொடுத்த வேளையில் உண்டியற்காரர் அதனிலும் மேலாகக் கொடுத்தனர். பிள்ளையின் மருந்துக்குப் பணம் வேண்டி நின்ற தாய் எங்கே செல்வாள்? அவளைத் துரோகி என்று கூறுவது எளிது. பொருளியல் கற்றவர், பொய்யான ஒரு விலையை அரசு கட்டி வைத்தமையே மக்களை அவ்வழியிற் செலுத்திற்று என்று கூறுவர். வீதம் மெய்ந்நிலைக்கு வந்த பின், 2023இலே வங்கி வழி வந்த பணம் 600 கோடி டொலரளவுக்கு மீண்டது. அறிவுரையால் ஆகாதது விலையால் ஆயிற்று.

யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இப்பாடம் இதற்கு முன்னரே ஒரு முறை கற்பிக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திலே, செத்தல் மிளகாயும் வெங்காயமும் பொன் விளைந்தாற் போல விலை போயின. மிளகாய்க் காசிலே கல்வீடு எழுந்தது. 1977இன் பின் இறக்குமதியின் கதவு திறக்கப்பட்டது, அவ்விலைகள் வீழ்ந்தன. கமக்காரரின் உழைப்பிலே மாற்றமில்லை, மண்ணிலே மாற்றமில்லை, கொழும்பிலே எடுத்த ஒரு முடிபு தோட்டத்து வரம்பு வரை வந்தது. மழையைப் பார்த்து விதைக்கும் கமக்காரர், இறக்குமதி வரியையும் நாணயமாற்று வீதத்தையும் அவ்வாறே பார்த்து விதைத்தல் வேண்டும்.

நாலாவது வழி இல்லை

மூன்றாவது பெரும் பாடம் அரசின் பணப்பை பற்றியது. அரசு செலவழிக்கும் பணம் மூன்று வழிகளில் வரலாம். வரியாக வாங்கலாம், கடனாக வாங்கலாம், அச்சிடலாம். சொத்தை விற்பதும், பிறர் தரும் நன்கொடையும் என்றும் நிலைக்கும் வழிகளல்ல. ஆகவே, நாலாவது வழி இல்லை.

2019 டிசம்பரிலே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் நீக்கப்பட்டன. அன்று நாட்டிலே மகிழாதவர் யார்? நாமும் மகிழ்ந்தோம் என்பதை ஒளிக்காது கூறுகின்றோம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 12 வீதமளவாக இருந்த அரச வருமானம், 2020இல் 9 வீதமளவுக்கு இறங்கியது. பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணமே. ஆயினும் வரிக் குறைப்பின் பங்கு பெரிது. "குறைந்த வரிக்கு ஈடாக எது வரும்?" என்று அன்று கேட்டிருத்தல் வேண்டும். கேட்கவில்லை. ஈடாக வந்தது அச்சடித்த பணம். அதன் பின் வந்தது விலையேற்றம். விலையேற்றமும் ஒரு வரியே. பாராளுமன்றத்திலே வாக்கெடுப்பின்றி, ஏழையிடத்து மிகுதியாக வாங்கப்படும் வரி. பின்னர் நேரான வரியும் திரும்பி வந்தது: 2022இல் 12, பின் 15, 2024 சனவரி முதல் 18 வீதம். இனாமாகக் கிடைத்ததென எண்ணிய 7 வீதத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தோம்.

இது புதிய கதையுமன்று. கொரிய யுத்தக் காலத்தில் இறப்பர் விலை ஏறியபோது இலங்கையின் பை நிறைந்தது. அவ்விலை வீழ்ந்து, இறக்குமதி அரிசியின் விலையும் ஏறியபோது பை ஒட்டிற்று. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே அடியாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரிலே பதவி துறந்தார். அரசு கணக்கைப் பார்த்தது, மக்களின் வயிற்றைப் பார்க்கவில்லை. அதன் பின் வந்த அரசாங்கங்களோ வயிற்றுக்கு அஞ்சிக் கணக்கைப் பார்ப்பதை நெடுங்காலம் ஒத்தி வைத்தன. இரண்டையும் ஒருங்கே பார்க்கும் அரசு, இரண்டையும் ஒருங்கே பார்க்கக் கற்ற மக்கள் உள்ள நாட்டிலேதான் தோன்றும்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

பாடம் அறிந்தாயிற்று; பயன் யாது? ஐந்து பழக்கங்களைப் பரிந்துரைக்கின்றோம்.

முதலாவது, வீட்டுச் சுட்டெண். அரிசி, மா, சீனி, தேங்காய், பருப்பு, மீன், மண்ணெண்ணெய், பஸ் கட்டணம், மின் கட்டணம், பிள்ளையின் கொப்பி எனப் பதினைந்து பொருட்களைக் குறித்து, மாதத்தின் முதல் நாளிலே அவற்றின் விலையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஓராண்டு சென்றபின் கூட்டுத் தொகையை ஒப்பிட்டால், உங்கள் வீட்டின் பணவீக்கம் உங்கள் கையிலேயே இருக்கும். சம்பள உயர்வு கேட்கச் செல்லுமிடத்து அக்கொப்பி பெரும் வழக்கறிஞராக நின்று பேசும்.

இரண்டாவது, வட்டியைத் தனியே பாராதிருத்தல். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவை 6 வீத வட்டிக்கு ஒருவர் வைப்பிலிட்டார் எனக் கொள்வோம். ஓராண்டில் 106 ரூபா பெற்றார். பண்டத்தின் விலை 169.80 ரூபா. அவர் பெற்றது, பண்டக் கணக்கிலே, 62 ரூபாவளவே. வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்து எஞ்சுவதே மெய் வட்டி. அது பூச்சியத்துக்குக் கீழாயின் சேமிப்பவர் இழக்கின்றார், கடன்பட்டவர் ஆதாயம் அடைகின்றார்.

மூன்றாவது, கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் ஒரு கேள்வி: வட்டி நிலையானதா, மாறுவதா? 2022 ஏப்ரில் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் பெற்றிருந்தோர் பலர் அன்றுதான் தமது பத்திரத்தை முதன் முறையாக முழுமையாக வாசித்தனர்.

நாலாவது, திறைசேரி உண்டியலின் வட்டியை அளவுகோலாகக் கொள்ளுதல். அரசு தனது குறுங்காலக் கடனுக்குக் கொடுக்கும் இவ்வீதம் ஏலம் தோறும் வெளியிடப்படுகின்றது. அதனிலும் பன்மடங்கு தருவோம் என்று எவரேனும் உங்கள் வாசலுக்கு வருவாராயின், அவர் தருவது வட்டியன்று. உங்கள் முதலை நீங்களே தின்னுமாறு சிறிது சிறிதாகத் திருப்பித் தருகின்றார் என்க.

ஐந்தாவது, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையாதிருத்தல். பொருளியல் கல்லாத எமது பாட்டிமார் பொன்னிலே சேமித்தனர். பொன்னின் விலை உலகச் சந்தையிலே டொலரில் அமைவதால், ரூபா சரியும்போது பொன் சரிவதில்லை. அந்த அளவில் அவர்கள் அறிவுடையோரே. ஆனால், பெட்டகத்துள் உறங்கும் பொன் ஒரு தறியையும் ஓட்டாது, ஒரு கிணற்றையும் வெட்டாது. ஊர் முழுவதும் பொன்னிலே சேமித்தால் ஊரிற் தொழில் எங்கிருந்து வரும்? முதற் பாடம் இங்கும் வந்து நிற்பதைக் காண்க.

அறிவின் எல்லை

பொருளியல் சோதிடமன்று. அடுத்த ஆண்டு டொலர் என்ன விலை என்று உறுதி கூறுபவரை நம்பற்க. அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. 2022இலும் அதன் பின்னும் எடுத்த கடும் நடவடிக்கைகள் விலையேற்றத்தை அடக்கின என்பது உண்மை. 2022இல் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 7 வீதத்துக்கு மேற் சுருங்கிற்று என்பதும், உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021இல் நூற்றுக்கு 13 பேராக இருந்த வறியவர் 2022இல் 25 பேராயினர் என்பதும் உண்மையே. சுமை எவ்வளவு என்று கணக்குச் சொல்லும். அது யார் தோளில் ஏற்றப்படும் என்பதைக் கணக்குச் சொல்லாது. அதனை அரசியல் தீர்மானிக்கின்றது.

சான்று ஒன்று கூறுவோம். 2023ஆம் ஆண்டு யூலையிலே உள்நாட்டுக் கடன் மீளமைப்புக்குப் பாராளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகள் குறைந்த வட்டியுடைய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகள் விடப்பட்டன. வங்கிகள் ஆட்டங்கண்டால் வைப்பாளர் அனைவரும் வீழ்வர் என்பது அரசு கூறிய காரணம். நிதியத்தின் அங்கத்தவருக்கு ஆண்டுக்கு 9 வீத வட்டி உறுதி என்றும் கூறப்பட்டது. அக்காரணம் ஏற்கத்தக்கதா, அன்றா என்பது வேறு வினா. பல இலட்சம் ஊழியரின் முதுமைக் காலச் சேமிப்பின் மேல் எடுத்த அம்முடிபு பற்றி, அவர்களுட் பெரும்பாலோர் ஒரு கேள்வியும் கேளாதிருந்தனர். எவரும் அவர்கள் சட்டைப் பையிற் கைவிடவில்லை. ஓய்வு பெறும் நாளில் வரவேண்டிய தொகையின் வளர்ச்சியே தளர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஐந்து ரூபாவுக்காகச் சாலையில் இறங்குபவர், கண்ணுக்குத் தெரியாத ஐந்து இலட்சத்துக்கு வாய் திறவாதிருப்பதற்குக் காரணம் கோழைத்தனமன்று, அறியாமை.

அறிந்தால் கேட்பதற்கு இடம் உண்டு. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசின் கடன் பத்திரங்களை அரசிடம் நேரே வாங்கிப் பணத்தைப் பெருக்கும் பழைய வழியை அவ்வங்கிக்கு அடைத்திருக்கின்றது. அச்சட்டத்தின் கீழ்ப் பணவீக்க இலக்கு 5 வீதமென 2023இல் உடன்பாடு செய்யப்பட்டது. அதிலிருந்து 2 புள்ளிகளுக்கு மேல் விலகி இரு காலாண்டுகள் தொடர்ந்து தவறுமிடத்து, காரணத்தைப் பாராளுமன்றத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தல் வேண்டும். அவ்வறிக்கையை நமது பிரதிநிதிகள் வாசிக்கின்றனரா என்று கேட்பதற்கு நாம் முதலில் அதனை வாசித்தல் வேண்டும்.

வழி யாது?

ஊர்தோறும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் உண்டு. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர் பட்டணங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் உளர். வாரத்துக்கு ஒரு மணித்தியாலமாகப் பத்து வாரம் போதும். முதல் வாரத்தில் விலை, இரண்டாம் வாரத்தில் கூலி, மூன்றாம் வாரத்தில் வட்டி என்று தொடங்கி, பத்தாம் வாரத்திலே அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்துக் கூடி வாசிக்கலாம். அவ்வகுப்புக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர் இல்லத்தை நடத்தும் பெண்கள். விலையின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் அளப்பவர் அவர்களே. அரச அறிக்கைகள் தமிழிலும் வருகின்றன. ஆயின் அத்தமிழ், மூலத்தை அறியாதவருக்கு விளங்காத தமிழாக இருப்பது பெருங்குறை. அதனை எளிய தமிழிலே எடுத்துச் சொல்லும் பணியைப் பத்திரிகைகளும் ஆசிரியர்களும் ஏற்றல் வேண்டும்.

தேர்தல் மேடையிலே ஒருவர் வந்து, "வரியைக் குறைப்போம், சம்பளத்தை உயர்த்துவோம், மானியத்தைப் பெருக்குவோம்" என்று முழங்கும்போது, கூட்டத்தின் பின் வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து, "தம்பி, காசு எங்கையிருந்து வரும்? வரியா, கடனா, அச்சா?" என்று கேட்கும் நாளே இந்நாட்டின் பொருளாதாரம் திருந்தத் தொடங்கும் நாள். அவர் எந்தக் கட்சியினராயினும், எந்த மொழி பேசுபவராயினும், அக்கேள்விக்கு விடை கூறியே மேடையை விட்டு இறங்கட்டும்.

அதுவரை, சீனியின் விலை ஏறும்போது கடைக்காரரோடு வாதாடுவோம், அதனால் பிழையில்லை. ஆனால், வாதாடி முடித்து வீடு திரும்பும் வழியில், விலை எங்கே பிறந்தது என்றும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.